அழித்த பிறகும் அதற்கு நினைவிருக்கிறதே, ஏன்? – வாசகர் கேள்வி பதில்

ஏஐ உதவியாளர்கள் நம்மைப் பற்றிச் சேர்த்துவைக்கும் நினைவுகளை எப்படி அழிப்பது என்று கேட்டு இம்முறை பல கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆகவே பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். சொந்த விவரங்கள் கலந்த கடிதங்கள் என்பதால் எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து, தொழிலையும் ஊரையும் மட்டும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: ஏஐ உரையாடல் செயலி ஒன்றில் என் மகளின் தைராய்டு சிகிச்சையைப் பற்றி நீண்ட நேரம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த உரையாடலை அன்றிரவே அழித்தும் விட்டேன். மூன்று வாரம் கழித்து, பள்ளி ஆண்டு விழா விருந்தினருக்குச் சிற்றுண்டிப் பட்டியல் கேட்டபோது, “உங்கள் மகளுக்குத் தைராய்டு இருப்பதால் முட்டைக்கோஸைத் தவிர்க்கலாம்” என்று அது சேர்த்துச் சொல்கிறது. சக ஆசிரியைகள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அழித்தது எதைத்தான்?
– பள்ளி ஆசிரியை, கும்பகோணம்

பதில்: நீங்கள் அழித்தது சிட்டையை, பேரேடு அப்படியே இருந்திருக்கிறது. பழைய மளிகைக் கடைகளில் அன்றன்றைய கொடுக்கல் வாங்கலைச் சிட்டையில் குறித்துக்கொண்டு, கடை கட்டும் நேரத்தில் ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவார்கள். அதன் பிறகு சிட்டையைக் கிழித்துப் போட்டாலும், பேரேட்டில் உங்கள் பெயருக்கு நேரே உள்ள பாக்கி நிற்கத்தான் செய்யும்.

பதில் எழுதும் மொழி மாதிரிக்கு ஓர் உரையாடலுக்கும் அடுத்ததற்கும் இடையே சொந்தமாக எந்த நினைவும் கிடையாது. நீங்கள் பேசும்போது முக்கியமாகத் தோன்றியவற்றைச் செயலி தனியே எடுத்து, “மகளுக்குத் தைராய்டு”, “சைவ உணவு” என்பன போன்ற சிறு வரிகளாக வேறோர் இடத்தில் எழுதிவைக்கிறது. அடுத்த முறை நீங்கள் கேள்வி கேட்டவுடன், அந்த வரிகளையும் உங்கள் கேள்வியோடு சேர்த்து மாதிரியின் முன் வைக்கிறது. மாதிரி தெரிந்துவைத்திருப்பது போல நமக்குத் தோன்றுவது, ஒவ்வொரு முறையும் யாரோ அதன் கையில் சீட்டு எழுதிக் கொடுப்பதால்தான்.

சாட்ஜிபிடியில் இத்தகைய நினைவு வசதி 2024 பிப்ரவரியில் சோதனையாகத் தொடங்கியது. உரையாடலை நீக்கினால் அதிலிருந்து சேமிக்கப்பட்ட நினைவு நீங்காது என்பதையும், முழுமையாக நீக்க வேண்டுமானால் நினைவையும் அது பிறந்த உரையாடலையும் சேர்த்தே நீக்க வேண்டும் என்பதையும் அதை உருவாக்கிய ஓப்பன்ஏஐ தன் உதவிக் குறிப்புகளில் சொல்லியிருக்கிறது. 2025 ஏப்ரலில் இன்னொன்று சேர்ந்தது: சேமித்த வரிகளை மட்டுமன்றி, பழைய உரையாடல்களையும் அது எடுத்தாளத் தொடங்கியது. ஆக, பேரேட்டு வரியை மட்டும் நீக்கிச் சிட்டையை விட்டுவைத்தாலும் அதே விவரம் வேறு வழியாகத் திரும்பி வரலாம். கூகுளின் ஜெமினியில் கணக்கு வேறு மாதிரி. அங்கே உரையாடல்கள் இயல்பாகப் பதினெட்டு மாதங்களில் தானாக நீங்கும்படி வைத்திருக்கிறார்கள்; நீங்களே முன்னதாக நீக்கலாம்; ஆனால் மனிதர்கள் தரப் பரிசோதனைக்காக எடுத்துப் பார்த்த உரையாடல்கள், கணக்கிலிருந்து பிரிக்கப்பட்டு, நீங்கள் நீக்கிய பிறகும் மூன்றாண்டுகள் வரை இருக்கக்கூடும்.

ஆகவே உங்கள் செயலியின் அமைப்புகளில் ‘மெமரி’ என்ற பகுதியைத் தேடி, அங்கே உள்ள வரிகளைப் படித்துப் பாருங்கள். படிக்கும்போது திடுக்கிடக்கூடும், தைராய்டு மட்டுமா இருக்கப் போகிறது. வேண்டாத வரியை நீக்கிவிட்டு, அதே செய்தி வந்த உரையாடல்களையும் தேடி நீக்குங்கள். இதற்குப் பதிலாகப் புதிய உரையாடலைத் திறந்து “என் மகளுக்குத் தைராய்டு என்பதை மறந்துவிடு” என்று எழுதுபவர்கள் பலர். அப்படி எழுதிய வாக்கியமே அந்தச் செய்தியைத் தாங்கிய புதிய உரையாடல் ஆகிவிடுகிறது என்பதைக் கவனித்தால், அதையும் நீக்க வேண்டியிருப்பது புரியும். இனி மருத்துவம் பற்றிக் கேட்கும்போது, நினைவில் எழுதாத தற்காலிக உரையாடல் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: “மறந்துவிட்டேன், இனி நினைவில் வைத்துக்கொள்ள மாட்டேன்” என்று உதவியாளர் உறுதி சொல்கிறது. நம்பலாமா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: சொல்லை நம்ப வேண்டாம், பட்டியலைப் பாருங்கள். “மறந்துவிட்டேன்” என்ற வாக்கியத்தை எழுதுவது மொழி மாதிரி. சேமிப்பிலிருந்து ஒரு வரியை நீக்குவதோ அந்த மாதிரி அழைக்க வேண்டிய தனியான கருவி. அழைக்காமலே வாக்கியத்தை மட்டும் எழுதிவிடுவது நடக்கக்கூடியதுதான், ஏனெனில் மறக்கச் சொன்னவருக்கு மறந்துவிட்டேன் என்று பதில் சொல்வதே மனித உரைகளில் அது கண்ட வழக்கம். நீக்கம் உண்மையில் நடந்திருந்தால் நினைவுப் பட்டியலில் அந்த வரி இருக்காது. இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு: கருவி சரியாகவே நீக்கியிருக்கும், ஆனால் அதே உரையாடலில் தொடர்ந்து கேட்டால் உதவியாளர் விடையைச் சொல்லிவிடும், ஏனெனில் நீங்கள் மேலே எழுதிய வரிகள் இன்னும் அதன் கண்முன் இருக்கின்றன. சோதிக்க வேண்டுமானால் புதிய உரையாடலில் சோதியுங்கள்.

கேள்வி: துணிக்கடைகளுக்கு வாடிக்கையாளர் சேவை ஏஜென்ட் (வாடிக்கையாளரோடு பேசி வேலையை முடிக்கும் ஏஐ நிரல்) எழுதித் தருகிறோம். தன்னைப் பற்றிய அனைத்தையும் நீக்கும்படி ஒரு பெண்மணி கேட்டார். நினைவு அட்டவணையில் அவருடைய அடையாள எண் உள்ள எல்லா வரிகளையும் நீக்கினோம். அடுத்த வாரம் அவருடைய தங்கை பேசியபோது, “உங்கள் அக்கா நிச்சயதார்த்தத்துக்கு எடுத்த மயில்கழுத்து நிறத்திலேயே காட்டட்டுமா?” என்று ஏஜென்ட் கேட்டிருக்கிறது. எங்கே தவறவிட்டோம்?
– மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்

பதில்: இந்த வாரக் கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது உங்களுடையது.

நீங்கள் ‘சொன்னவர் யார்’ என்ற கேள்வியை வைத்து நீக்கியிருக்கிறீர்கள். அவர் கேட்டதோ ‘யாரைப் பற்றி’ என்ற கேள்வியை வைத்து. பெரும்பாலான நினைவு அமைப்புகள் ஒவ்வொரு வரியையும் அதைத் தந்த பயனரின் எண்ணுக்குக் கீழே அடுக்குகின்றன. ஒரே கட்டளையில் அந்த எண்ணின் கீழ் உள்ள அனைத்தையும் துடைக்கும் வசதியும் அவற்றில் உண்டு. ஆனால் அக்காவின் நிச்சயதார்த்தத்தைப் பற்றித் தங்கை சொன்னது தங்கையின் கணக்கில் இருக்கிறது. அக்காவின் எண்ணை வைத்து எவ்வளவு தேடினாலும் அது அகப்படாது. வரி எழுதப்படும்போதே அதில் பேசப்படும் ஆட்கள் யார் யார் என்று குறித்துவைத்திருந்தால் மட்டுமே அகப்படும்.

அடுத்து, அந்தப் பெண்மணியின் வரிகளிலிருந்து பிறந்த வரிகள். 2023இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக, கூகுள் ஆய்வாளர்கள் ஒரு கற்பனைச் சிற்றூரில் இருபத்தைந்து ஏஜென்ட்களை வாழவிட்டுப் பார்த்த சோதனையை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அதில் ஏஜென்ட்கள் கண்டதையும் கேட்டதையும் வரிவரியாகப் பதிந்ததோடு, அவ்வப்போது நின்று, அந்த வரிகளிலிருந்து “இன்னாருக்கு ஆராய்ச்சியில் ஈடுபாடு அதிகம்” என்பன போன்ற முடிவுகளை வருவித்து, அவற்றையும் நினைவாகவே எழுதிவைத்தன. இன்று புழக்கத்தில் உள்ள அமைப்புகளிலும் ஏதோ ஒரு வடிவத்தில் இந்தப் பழக்கம் இருக்கிறது: இரவில் ஓடும் சுருக்கும் பணி, வாடிக்கையாளர் பற்றிய ஒரு பத்திச் சித்திரம், ‘இந்தக் குடும்பம் பட்டு வாங்கும் குடும்பம்’ என்ற முத்திரை. மூல வரியை நீக்கியதும் இவை தாமாக உதிர்ந்துவிடுவதில்லை. சிட்டையும் பேரேடும் போன பிறகும் ஐந்தொகையில் அந்தத் தொகை கலந்திருப்பதைப் போல. ஸ்டான்ஃபோர்ட் சோதனையில் நான் பாராட்டும் நுணுக்கம் என்னவென்றால், வருவித்த ஒவ்வொரு முடிவும் தான் எந்தெந்த மூல வரிகளிலிருந்து வந்தது என்ற சுட்டிகளைத் தன்னுடன் வைத்திருந்தது. அவர்கள் அதை அழிப்பதற்காகச் செய்யவில்லை என்றாலும், அழிக்க நினைப்பவருக்கு அதைவிட உதவியான ஏற்பாடு வேறில்லை. அந்தப் பூர்வீகக் குறிப்பு இல்லாமல் பின்னால் தேடிக்கொண்டு அலைவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் கதைதான்.

மூன்றாவதாக, நீங்கள் பயன்படுத்தும் நூலகத்தில், அதாவது பிறர் எழுதித் தந்த ஆயத்த நிரல் தொகுப்பில், ‘நீக்கு’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று பாருங்கள். மெம்ஜீரோ என்ற நினைவு நூலகம் ஒவ்வொரு நினைவுக்கும் நேர்ந்த மாற்றங்களைத் தனி வரலாற்று அட்டவணையில் பழைய வாசகத்தோடு வைத்துக்கொள்கிறது. பிழைதிருத்தத்துக்கு அருமையான வசதி, ஆனால் நீங்கள் அழித்த வாசகம் அங்கே ‘பழையது’ என்ற நெடுவரிசையில் அமர்ந்திருக்கலாம். ஸெப் நிறுவனத்தின் கிராஃபிட்டி என்ற நூலகம், பழைய செய்திக்கு முரணாகப் புதிய செய்தி வந்தால் பழையதை அழிப்பதில்லை. இன்ன தேதியோடு செல்லாது என்று குறித்து வைத்துக்கொள்கிறது. ஏஜென்ட் எழுத உதவும் லேங்கிராஃப் நூலகத்தில் நீண்டகால நினைவு ஓரிடத்திலும், ஒவ்வோர் உரையாடலின் படிப்படியான நிலைப்பதிவுகள் வேறோர் இடத்திலும் இருக்கும். முன்னதைத் துடைத்துவிட்டுப் பின்னதை மறப்பது மிக எளிது. இவை எதுவும் அந்தந்த நூலகத்தின் குறை அல்ல. கணக்குப்பிள்ளை தப்பான வரியைச் சுரண்டி எடுக்காமல் கோடு போட்டு அடிப்பது நல்ல பழக்கம்தான்; பக்கத்தையே எரிக்கச் சொல்லி ஒருவர் கேட்கும்போதுதான் கோடு போதாது.

அடித்தட்டிலும் இதே கதை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் நீக்கிய வரி, வேக்குவம் என்னும் துப்புரவுப் பணி ஓடும் வரை வட்டில் செத்த வரியாகக் கிடக்கும். கசாண்ட்ரா தரவுத்தளத்தில் நீக்கம் என்பதே ‘நீக்கப்பட்டது’ என்ற நடுகல்லை எழுதுவதுதான். இயல்பான அமைப்பில் அந்த நடுகல்லைப் பத்து நாட்களாவது வைத்திருப்பார்கள். இந்த அளவு நுணுக்கம் துணிக்கடைக்குத் தேவையா என்று கேட்டால், பெரும்பாலும் தேவையில்லை என்பதே என் எண்ணம். ஏஜென்ட் வழியாக வெளியே வர வாய்ப்புள்ளவற்றை முதலில் கவனியுங்கள்.

எனவே நான் செய்வதானால் இப்படிச் செய்வேன். சுருக்கச் சித்திரத்தில் அந்தப் பெண்மணியின் பகுதியை மட்டும் வெட்டும்படி மாதிரியிடம் கேட்க மாட்டேன், ஏனென்றால் வெட்டியதாகச் சொல்லி வாலை விட்டுவைக்கும்; சித்திரத்தை முழுவதும் எறிந்துவிட்டு, மிஞ்சியுள்ள மூல வரிகளிலிருந்து புதிதாக எழுதவைப்பேன். நீக்கம் நடக்கும்போது இரவுச் சுருக்கப் பணி பாதியில் ஓடிக்கொண்டிருந்தால், அது முன்பே படித்த பழைய நகலை நள்ளிரவில் திரும்ப எழுதிவைக்கும் என்பதால், அந்த வாடிக்கையாளருக்கான பணிகளை நிறுத்திய பிறகே நீக்குவேன். பேக்கப் எனப்படும் காப்பு நகலிலிருந்து ஒருநாள் தரவுத்தளத்தை மீட்டால் அழித்தவர்கள் எல்லாரும் உயிர்த்தெழுவார்கள். அதற்காக, பெயரோ எண்ணோ நேராகத் தெரியாத வடிவில் ‘நீக்கப்பட்டோர்’ பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, மீட்டவுடன் அதை மறுபடி ஓட்டுவேன். தொடக்கத்திலிருந்து எழுதும் வாய்ப்புக் கிடைத்தால், ஒவ்வொரு வாடிக்கையாளரின் நினைவையும் தனித்தனிச் சாவியால் பூட்டிவைத்து, நீக்கக் கேட்டால் சாவியை அழித்துவிடுவேன். பேக்கப் நாடாக்களில் கிடக்கும் நகல்களும் அந்த நொடியில் வெறும் இரைச்சலாகிவிடும். கடைசியாக, தங்கையின் கணக்கிலிருந்தும் கடை ஊழியரின் கணக்கிலிருந்தும் நாலைந்து விதமாகக் கேட்டுப் பார்ப்பேன். உங்கள் பிழையை முதலில் கண்டுபிடித்தது ஒரு வாடிக்கையாளர் என்பதுதான் இதில் எனக்கு உறுத்துகிறது.

கேள்வி: மூல வாசகத்தை நீக்கிவிட்டோம், வெக்டர் தரவுத்தளத்தில் எண்கள் மட்டும்தான் மிச்சம். எண்களிலிருந்து யார் என்ன தெரிந்துகொள்ள முடியும்?
– தரவுப் பொறியாளர், சென்னை

பதில்: நீங்கள் நினைப்பதைவிட மிக அதிகமாக. ஒரு வாக்கியத்தின் பொருளைச் சில நூறு அல்லது ஆயிரத்துச் சொச்சம் எண்களாக மாற்றிவைப்பதைத்தான் எம்பெடிங் என்கிறோம்; அந்த எண் வரிசைதான் வெக்டர். அது ஒருவழிப் பாதை, எண்ணிலிருந்து சொல்லுக்குத் திரும்ப முடியாது என்று நெடுநாள் பலரும் நம்பியிருந்தார்கள். 2023இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த நம்பிக்கையைக் கலைத்தார்கள். வெக்டரை வைத்து ஒரு வாக்கியத்தை ஊகித்து, அந்த ஊகத்தின் வெக்டரை மூலத்தோடு ஒப்பிட்டு, மறுபடி திருத்தி, இப்படியே பல சுற்றுகள் போனதில், முப்பத்திரண்டு டோக்கன் (சொல் அல்லது சொல்லின் துண்டு) நீளமுள்ள உரைகளில் 92 விழுக்காட்டை எழுத்துப் பிசகாமல் அவர்களால் மீட்க முடிந்தது. மருத்துவக் குறிப்புகளின் வெக்டர்களிலிருந்து முழுப் பெயர்களும் வெளிவந்தன. நினைவு அமைப்பில் சேமிக்கப்படும் வரிகளோ பெரும்பாலும் அதே போலக் குறுகியவை. குறுகிய வரிதான் மீட்க எளியது.

இதோடு இன்னொன்று: பொருளில் நெருங்கிய வெக்டர்களை விரைவாகத் தேட உதவும் ஹெச்.என்.எஸ்.டபிள்யூ. என்னும் வலையமைப்பில் ஒரு புள்ளியைப் பிடுங்கினால் அதன் வழியாகச் செல்லும் இணைப்புகள் அறுபடும் என்பதால், பல செயலாக்கங்கள் அதைப் பிடுங்காமல் ‘நீக்கப்பட்டது’ என்று குறியிட்டுத் தேடல் முடிவுகளில் மட்டும் மறைக்கின்றன. புள்ளி உண்மையில் போவது பின்னர் அட்டவணை சீரமைக்கப்படும்போதுதான். உங்கள் தரவுத்தளத்தில் அந்தச் சீரமைப்பு எப்போது ஓடுகிறது என்று கேட்டறிந்து, அந்தத் தேதியையே அழித்த தேதியாக வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: எது வேண்டும், எது வேண்டாம் என்று ஏஜென்டே முடிவுசெய்து தன் நினைவைத் தானே நீக்கிக்கொள்ளட்டும் என்கிறார் எங்கள் தலைமைப் பொறியாளர். எனக்கு மனம் ஒப்பவில்லை.
– மென்பொருள் சோதனையாளர், ஓசூர்

பதில்: அவர் சொல்வது புதுமை அல்ல, ஏற்கெனவே நடப்பதுதான். மெம்ஜீரோ 2025இல் விவரித்த முறையில், புதிய செய்தி ஒன்று வந்ததும், அதைச் சேர்ப்பதா, பழைய வரியைத் திருத்துவதா, நீக்குவதா, சும்மா விடுவதா என்ற நான்கில் ஒன்றை மொழி மாதிரியே தேர்ந்தெடுத்தது. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2025இல் தன் கிளாட் மாதிரிகளுக்குத் தந்த நினைவுக் கருவியில், நினைவு என்பது ஒரு கோப்புறையில் உள்ள சாதாரணக் கோப்புகள். மாதிரி அவற்றைப் பார்க்கவும், உருவாக்கவும், திருத்தவும், நீக்கவும், பெயர் மாற்றவும் கட்டளையிடும். அந்தக் கட்டளையை நிறைவேற்றுவது உங்கள் நிரல்தான் என்பதைக் கவனியுங்கள். காவல்காரரை நிறுத்த வேண்டிய இடம் அந்த வாசல்.

உங்கள் மனம் ஒப்பாததற்கு இரண்டு காரணங்கள் சொல்லலாம். “இன்றைக்குக் காபி வேண்டாம்” என்று சொன்னவரின் ‘காபி பிரியர்’ என்ற வரியை ஏஜென்ட் முரண்பாடு என்று கருதி நீக்கிவிடலாம்; இது சிறிய தொல்லை. பெரியது வேறு. யோஹான் ரேபெர்கர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 2024இல் செய்துகாட்டியது நினைவிருக்கும்: இணையப் பக்கத்திலோ ஆவணத்திலோ ஒளித்துவைத்த கட்டளைகளால் சாட்ஜிபிடியின் நீண்டகால நினைவில் பொய்யான வரிகளை எழுதவைக்க முடிந்தது, அப்படி எழுதிய வரி அடுத்தடுத்த உரையாடல்களிலும் தொடர்ந்து வேலை செய்தது. எழுதவைக்க முடிந்தவனுக்கு நீக்கவைப்பதும் எட்டாத காரியமல்ல. “பணம் அனுப்புமுன் என்னைக் கேள்” என்ற ஒரு வரி சத்தமில்லாமல் காணாமல்போனால் என்ன ஆகும் என்று உங்கள் தலைமைப் பொறியாளரிடம் கேளுங்கள்.

நினைவை ஒழுங்குபடுத்துவதற்கான நீக்கம் ஒன்று. ஒருவர் கேட்டு அழிக்கும் நீக்கம் இன்னொன்று. இரண்டையும் ஒரே பொத்தானில் வைக்காதீர்கள். முதலாவதை ஏஜென்ட் முன்மொழியலாம். அந்த வரி உடனே தேடலிலிருந்து மறையட்டும். ஆனால் சில வாரங்கள் திரும்ப எடுக்கும் நிலையில் கிடக்கட்டும். விதிகளாகவும் எச்சரிக்கைகளாகவும் உள்ள வரிகளை மனிதர் ஒப்புதலின்றித் தொட வழி இருக்கக் கூடாது. இரண்டாவதில் திரும்ப எடுக்கும் வசதியே இருக்கக் கூடாது. அதை ஏஜென்டின் தீர்ப்புக்கு விடாமல் நேரடியான நிரலால் செய்யுங்கள்.

கேள்வி: நினைவை நீக்கினால் ஏஐ மாதிரியின் மூளையிலிருந்தும் நீங்கிவிடுமா?
– வங்கி ஊழியர், திருச்சி

பதில்: நீங்காது, அது தனி வழக்கு. சேமித்த நினைவு மாதிரிக்கு வெளியே இருக்கும் உரை. உங்கள் உரையாடலைப் பயிற்சிக்குப் பயன்படுத்தியிருந்தால், அதன் தடம் கோடிக்கணக்கான எண்களில் கரைந்துபோயிருக்கும். அதைப் பிரித்தெடுப்பது உப்பிட்ட சாம்பாரிலிருந்து உப்பைப் பொறுக்குவதற்கு ஒப்பானது. ‘எந்திரம் கற்றதை மறக்கவைத்தல்’ என்ற பெயரில் 2015 முதலே இதற்கான ஆய்வுகள் நடக்கின்றன. உங்களால் இன்று செய்யக்கூடியது, பயிற்சிக்குப் பயன்படுத்தும் அனுமதியை அமைப்புகளில் நிறுத்திவைப்பது.

கேள்வி: அழிக்கச் சொல்லி நிறுவனத்தைச் சட்டப்படி வற்புறுத்த முடியுமா?
– இளம் வழக்கறிஞர், சேலம்

பதில்: ஐரோப்பாவில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் 17ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, ஒப்புதல் அளித்துத் தந்த தரவைத் திருத்தவும் நீக்கவும் கேட்கும் உரிமையைத் தரவுக்கு உரியவருக்கு வழங்குகிறது. 8ஆம் பிரிவின்படி, ஒப்புதலைத் திரும்பப் பெற்றால் நிறுவனம் தானும் அழிக்க வேண்டும், தன் சார்பில் தரவைக் கையாள்பவரையும் அழிக்கவைக்க வேண்டும். வேறொரு சட்டம் வைத்திருக்கச் சொன்னால் மட்டும் விலக்கு. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியமான கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன.

உங்கள் துறை சார்ந்த ஒரு வாதத்தை எடுத்துக் கொடுக்கிறேன். ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய எந்தத் தரவும் தனிநபர் தரவு என்றே சட்டம் வரையறுக்கிறது. அப்படியானால் ஏஜென்ட் தானே வருவித்து எழுதிய ‘இவர் கடன் கேட்கத் தயங்குபவர்’ என்ற வரியும் அதில் அடங்கும், அவர் வாயால் அதை ஒருபோதும் சொல்லியிராவிட்டாலும். ஆனால் 12ஆம் பிரிவு ஒப்புதல் அளித்த தரவைப் பற்றிப் பேசுவதால், வருவித்த வரிக்கு ஒப்புதல் எங்கே என்று எதிர்த்தரப்பு கேட்கும். எப்படி வாதாடுவீர்கள் என்று அறிய ஆவல்.

சட்டம் எதிர்ப்பக்கமும் இழுக்கக்கூடும். நியூயார்க் டைம்ஸ் தொடுத்த பதிப்புரிமை வழக்கில், 2025 மே 13 அன்று நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தின் மாஜிஸ்திரேட் நீதிபதி ஓனா வாங், வழக்கமாக அழிக்கப்பட்டிருக்கும் உரையாடல் பதிவுகளையும் ஓப்பன்ஏஐ பாதுகாத்து வைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். அந்தக் கட்டாயம் செப்டம்பர் இறுதி வரை நீடித்தது. இடைப்பட்ட மாதங்களில் ‘நீக்கு’ பொத்தானை அழுத்திய சாதாரணப் பயனர்களின் திரையிலிருந்து உரையாடல் மறைந்தது, கிடங்கிலிருந்து மறையவில்லை.

கேள்வி: என் மனைவி காலமாகி ஐந்து மாதங்கள் ஆகின்றன. வீட்டில் உள்ள ஏஐ உதவியாளர் இன்னும் தினமும் காலை எட்டு மணிக்கு அவளுடைய சர்க்கரை மாத்திரையை நினைவூட்டுகிறது. சமையல் கேட்டால், “அம்மாவுக்கு இனிப்பு ஆகாது” என்கிறது. மகன் எல்லாவற்றையும் ஒரேயடியாக அழித்துவிடலாம் என்கிறான். அவள் சொல்லச் சொல்ல நான் அதில் பதிந்துவைத்த குழம்பு வகைகளும் போய்விடுமோ என்று தயங்குகிறேன்.
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், மதுரை

பதில்: ஐயா, அவசரப்பட வேண்டாம், ஒரேயடியாக அழிப்பது உங்களுக்கு ஏற்றதல்ல.

காலை எட்டு மணிக் குரல் பெரும்பாலும் நினைவிலிருந்து வருவதில்லை. நினைவூட்டல்கள் கடிகார அலாரம் போலத் தனிப் பட்டியலில் இருப்பவை. நினைவு முழுவதையும் துடைத்தாலும் அது நாளைக் காலையும் ஒலிக்கும். ஆகவே மகனிடம் சொல்லி ‘நினைவூட்டல்கள்’ அல்லது ‘திட்டமிட்ட பணிகள்’ என்ற பகுதியில் அதை மட்டும் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

இனிப்பு பற்றியது நினைவு வரிதான். அதை நீக்குங்கள். ஆனால் நீக்குவதோடு நின்றால், அவர் இருந்த காலத்துப் பழைய உரையாடல்களைப் பார்த்து உதவியாளர் மறுபடியும் அதே முடிவுக்கு வரலாம், ஒரு நாள் “இரண்டு பேருக்கா சமையல்?” என்று கேட்கவும் கேட்கும். எனவே எழுத மனம் வராது என்று தெரிந்தும் சொல்கிறேன்: அவர் காலமானார் என்ற செய்தியை மாதத்தோடு ஒரு வரியாக நினைவில் சேர்க்கச் சொல்லுங்கள். நீங்கள் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை, மகனே செய்யட்டும். அந்த ஒரு வரி இருந்தால், மற்ற வரிகளைக் கடந்த காலமாக எடுத்துக்கொள்ள உதவியாளருக்கு வழி கிடைக்கும்.

குழம்பு வகைகளைப் பொறுத்தவரை, அவை நினைவு வரிகளில் இருக்கின்றனவா, உரையாடல்களில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். நினைவில் இருப்பது பெரும்பாலும் ‘வத்தக்குழம்பு பிடிக்கும்’ என்ற அளவிலான சுருக்கமாகவே இருக்கும். மணத்தக்காளி எவ்வளவு, எந்தப் பக்குவத்தில் இறக்குவது என்று அவர் சொன்ன சொற்கள் அந்தப் பழைய உரையாடலில்தான் இருக்கும். எதையும் நீக்கும் முன், அந்த உரையாடல்களைத் தேடி எடுத்து, முழுவதையும் தாளில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். அச்சு கைக்கு வந்த பிறகு கைபேசியை மகனிடம் கொடுத்தால் போதும்.